சமசமாஜிகளும் மொழிக் கேள்வியும்

நண்பர்களே, தோழர்களே,

இலங்கையின் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி என்றதும் பலரும் ரஷ்யப் புரட்சியாளர் ட்ரொட்ஸ்கி, அவர் தொடங்கிய உலக அமைப்பான நான்காம் அகிலம் என்று ஆரம்பிப்பார்கள். நான் அந்தக் கட்சி பிறந்த 1935 டிசம்பரிலிருந்து தொடங்குகிறேன். அதைத் தொடங்கிய பிலிப் குணவர்தன, என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, லெஸ்லி குணவர்தன எல்லோரும் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள். ஆனால் மலேரியா ஊர்களை அழித்தபோது நிவாரணத்துக்கு இறங்கினார்கள். பருப்பு கொடுத்ததால் என்.எம்.மை மக்கள் ‘பருப்பு மஹாத்தயா’ (பருப்பு ஐயா) என்றே அழைத்தார்கள்.

இனம், சாதி, மதம், பால் இவற்றால் வரும் ஏற்றத்தாழ்வை ஒழிப்பது அவர்களுடைய நோக்கங்களில் ஒன்று. இது வெறும் அலங்கார வரி இல்லை. 1936இல் பிலிப்பும் என்.எம்.மும் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குள் போனதும் எழுப்பிய கேள்விகளில் ஒன்று, நீதிமன்றத்திலும் பொலிஸ் நிலையத்திலும் எந்த மொழி என்பது. தன்மேல் என்ன குற்றம் சாட்டுகிறார்கள் என்றே புரியாமல் ஆங்கிலத்துக்கு முன்னால் நின்றான் ஏழை. அவனுக்குச் சிங்களமும் தமிழும் வேண்டும் என்றார்கள். மொழியை அவர்கள் வர்க்கப் பிரச்சினையாகப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்ததால்தான் ஒரு மொழியை உயர்த்த இன்னொன்றைத் தாழ்த்த வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை. அந்தக் கட்சியின் ஆகப் பெரிய சிந்தனை இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

1948இல் மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சம் பேரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்தார்கள். 1956இல் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தையும் எதிர்த்தார்கள். இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு என்று கொல்வின் எச்சரித்தது அப்போதுதான். கட்சியைவிட்டு முன்பே பிரிந்துபோயிருந்த பிலிப், தனிச் சிங்களத்தின் பக்கம் நின்றார்.

அப்புறம் 1964. கட்சி கூட்டணி சேர்ந்தது; பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் என்.எம். நிதி அமைச்சரானார். வாக்கு வேண்டும், கூட்டணி வேண்டும், சரி. அதற்காக 1966 ஜனவரியில், தமிழுக்கு ஓரளவு இடம் தந்த ஒழுங்குவிதிகளை எதிர்த்து ஊர்வலம் போயிருக்க வேண்டுமா? இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

1972 அரசியலமைப்பைக் கொண்டுவந்த அமைச்சர் அதே கொல்வின்தான். சிங்களமே அரச கரும மொழி என்பது அதில் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் கிடைத்தது. முந்தைய அரசியலமைப்பான சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு போய்விட்டது. 1977 தேர்தலில் சமசமாஜிகளுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

இளம் தோழர்கள் 1948, 1956 நாடாளுமன்ற விவாதங்களை எடுத்து முழுவதும் படியுங்கள். சிங்களத் தலைவர்கள் தமிழர் உரிமைக்காக, கூச்சல் குழப்பத்துக்கு நடுவே, வாக்குப் போகும் என்று தெரிந்தே பேசியிருக்கிறார்கள்.