பார்த்துச் செய்வோம்

(மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியில் சிறுதொழில் நடத்துவோர் கூடிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையில் இருக்கும் பெரியவர்களுக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் முதலாளிமாருக்கும், பூட்டாமல் யாரையோ நம்பி விட்டுவிட்டு வந்திருக்கும் முதலாளிமாருக்கும் வணக்கம். இரண்டாவது வகையினருக்காகத்தான் இன்று பேசப்போகிறேன். கை உயர்த்தச் சொல்லமாட்டேன். நிமிடத்துக்கு ஒரு தடவை கைத்தொலைபேசியைப் பார்ப்பவர்களை மேடையில் இருந்தே எண்ணிவிடலாம்.

‘வலுவான குழுவைக் கட்டியெழுப்புதல்’ என்று ஏற்பாட்டாளர்கள் தலைப்புத் தந்தார்கள். நான் பேக்கரிக்காரன். 11 பேர் வேலை செய்யும் இடம். குழு என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கூத்து ஆடும் களரிதான் நினைவுக்கு வருகிறது. பதினாறு வயதில் வடமோடிக் கூத்தொன்றில் சேவகனாக ஆடியிருக்கிறேன். அரச வேடம் தருவார்கள் என்று நினைத்துப் போனேன். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சேவகன் என்றார்.

நமது பகுதியில் கூத்துப் பழக்குவது எப்படித் தொடங்கும் என்று இங்கிருக்கும் மூத்தவர்களுக்குத் தெரியும். முதலில் சட்டம் கொடுத்தல். ஊர்ப் பெரியவர்களை வைத்துக்கொண்டு, நல்ல நாள் பார்த்து, இன்னாருக்கு இன்ன வேடம் என்று சொல்லி, அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய சட்டத்தை அவரவர் கையில் கொடுப்பார்கள். வேடத்துக்காக அதுவரை நடந்த சண்டையெல்லாம் அன்றோடு முடிந்துவிடும். நான் சேவகன் என்பது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அதன்பிறகு மாதக்கணக்கில் பழக்கம், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்ற ஒத்திகை. அரங்கேற்றம் கடைசியில்தான்.

இனி நமது கடைகளுக்கு வருவோம். தெரிந்தவர் ஒருவர் பொடியனைக் கூட்டிக்கொண்டு வருகிறார். “நல்ல பிள்ளை, வீட்டில் கஷ்டம்” என்கிறார். நாம் என்ன சொல்கிறோம்? “நாளைக்கு வா மகன், பார்த்துச் செய்வோம்.” முடிந்தது. என்ன வேலை? பார்த்துச் செய்வோம். என்ன சம்பளம்? பார்த்துச் செய்வோம். எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம்? அதைக் கேட்க அந்தப் பிள்ளைக்குத் துணிவு வராது.

அந்த இரண்டு சொற்களையும் நான் இருபது வருடமாகச் சொல்லி வந்தேன். அவற்றில் அன்பும் இருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். தீபாவளிக்கு உடுப்பு எடுத்துக் கொடுக்கிறோம், பிள்ளையின் சடங்குக்குக் காசு வைக்கிறோம், ஆஸ்பத்திரிக்கு முச்சக்கர வண்டி பிடித்துக் கொடுக்கிறோம். ஆனால் எப்போது, எவ்வளவு என்பது நம்முடைய மனநிலையைப் பொறுத்திருக்கிறது. வேலை செய்கிறவர் நமது முகத்தைப் பார்த்து வாழ்கிறார். முகத்தைப் பார்த்து வாழ்கிறவர் முகத்துக்கு முன்னால் மட்டும்தான் வேலை செய்வார்.

என்னிடம் ஒரு போறணைப் பாஸ், அதாவது பாண் சுடும் அடுப்பைக் கவனிக்கும் தலைமை வேலைக்காரர், இருந்தார். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஆள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை, பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து, அங்கிருந்து சைக்கிளில் வருவார். விறகுப் போறணையின் சூட்டைக் கையை நீட்டியே சொல்லிவிடுவார். வெப்பமானி வாங்கி மாட்டினேன். அவர் சொன்னதைத்தான் அதுவும் சொன்னது. சம்பளத்தைக் கூட்டித் தரச் சொல்லிச் சித்திரைப் புத்தாண்டில் கேட்டார். பார்த்துச் செய்வோம் என்றேன். ஆவணியில் கேட்டார். பார்த்துச் செய்வோம். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. ஒரு மாதம் முன்கூட்டியே முறையாகச் சொல்லிவிட்டு, வேறோர் இடத்துக்குப் போய்விட்டார். அங்கே என்ன கூடக் கிடைத்தது என்று பிறகு விசாரித்தேன். நான் கொடுத்திருக்கக்கூடிய தொகைதான். கொடுக்கவும் நினைத்திருந்தேன். நினைத்ததை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவர் போன பிறகு மூன்று வாரம் பாண் ஒருநாள் கருகியது, மறுநாள் நடுவில் வேகவில்லை. திரும்பி வந்த பாணின் கணக்கை எழுதிப் பார்த்தேன். அவர் கேட்ட கூடுதல் சம்பளத்தை எட்டு மாதம் கொடுத்திருக்கலாம்.

இன்னொரு நோயும் நம் கடைகளில் உண்டு, அது குடும்பம். கோபிக்காதீர்கள், என் மனைவியும் முன்வரிசையில்தான் இருக்கிறார். ஒரு பொடியனிடம் நான் மா மூட்டையை இறக்கச் சொல்கிறேன். மகன் வந்து முச்சக்கர வண்டியைக் கழுவச் சொல்கிறான். மச்சான் வந்து வெற்றிலை வாங்கிவர அனுப்புகிறார். மா மூட்டை மழையில் நனைகிறது. ஏச்சு விழுவது பொடியனுக்கு. களரியில் இரண்டு அண்ணாவிமார் ஒரே நேரத்தில் மத்தளம் அடித்தால் ஆடுகிறவன் எந்தக் காலைத் தூக்குவான்?

எங்கள் இடத்தில் இதற்கு ஒரு முடிவு கட்டினோம். காசு மேசையும் விற்பனையும் மனைவியின் பொறுப்பு. மா பிசைவதிலிருந்து போறணை அணைவது வரை இப்போதைய பாஸின் பொறுப்பு. உள்ளே யாருக்காவது நான் ஒரு வேலை சொல்லவேண்டுமென்றால் பாஸிடம் சொல்வேன், அவர் சொல்வார். முதல் மாதம் எனக்கு வாய் துடித்தது. என் கடையில் நான் வேலை சொல்லக்கூடாதா என்று இரவில் மனைவியிடம் சண்டை பிடித்தேன். மச்சான் இன்னும் வெற்றிலைக்கு ஆள் அனுப்பப் பார்க்கிறார். பொடியன்கள் இப்போது பாஸைக் கேட்கச் சொல்கிறார்கள்.

அடுத்தது நான் வெட்கப்பட்டுச் சொல்லவேண்டிய கதை. முன்பு விற்பனையில் ஒரு பிள்ளை ஆறு வருடம் இருந்தாள். கல்யாணம் முடிவாகி விலகும்போது கேட்டாள். “ஐயா, ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த என் சிநேகிதிக்குக் கல்யாணத்தோடு சேமலாப நிதி கிடைத்தது. எனக்கும் வருமா?” நான் ஒரு சதமும் கட்டியிருக்கவில்லை. சின்ன இடம், நமக்கெல்லாம் அது பொருந்தாது என்று நினைத்திருந்தேன். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் கட்டவேண்டும். தொழிலாளியிடம் 8 சதவீதம் பிடித்து, நாம் 12 சதவீதம் போட்டு, அடுத்த மாதம் முடிவதற்குள் செலுத்தவேண்டும். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 சதவீதம், அது முழுக்க நம்முடையது. 40,000 ரூபா சம்பளம் என்றால் தொழிலாளியின் பங்கு 3,200, நமது பங்கு 4,800, நம்பிக்கை நிதிக்கு 1,200. பிந்தினால் மிகைக்கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி, ஓராண்டு தாண்டினால் 50 சதவீதம் வரை ஏறும். காலத்தில் பிடிக்காமல் விட்ட 8 சதவீதத்தையும் பிறகு தொழிலாளியிடம் கேட்கமுடியாது. ஆறு வருடத்தையும் சேர்த்து நான்தான் கட்டினேன். ஒரு மோட்டார் சைக்கிளை விற்றுக் கட்டினேன்.

“எங்களுடைய ஆட்களே வேண்டாம் என்கிறார்கள், கையில் தா என்கிறார்கள்” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்கிறார். சொல்வார்கள். இன்றைக்கு 3,200 ரூபா குறைவது இன்றைக்கே தெரிகிறது. ஆனால் நமது ஊரில் தகப்பன்மாரின் பெரிய கவலை எது? மகளுக்கு வீடு. பத்து வருடம் கட்டியவர், உரிய நிபந்தனைகளோடு, தன் கணக்கில் 30 சதவீதம் வரை வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ இடையில் எடுக்கலாம். இதைச் சொன்ன பிறகு எங்கள் இடத்தில் யாரும் கையில் கேட்கவில்லை. பெண் பார்க்கப் போகும் இடத்தில் மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டால் பேக்கரியில் என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்க்கும் பொடியன்கள், இப்போது சேமலாப நிதி இருக்கிறது என்று சேர்த்துச் சொல்கிறார்களாம். அது என் விளம்பரப் பலகையை விட நன்றாக வேலை செய்கிறது.

வேலை நேரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. பழைய சட்டம், புதிதாக யாரும் நமக்கு எதிராகக் கொண்டுவந்ததல்ல.

முற்பணம் பற்றி ஒரு சொல். நிலச் சொந்தக்காரரான போடியாருக்கும் அவருடைய வயலில் வேலை செய்த முல்லைக்காரருக்கும் இருந்த உறவை நமது பழைய ஆட்கள் ஆசையோடு பேசுவார்கள். வாடியில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள், சூடடித்ததும் நெல் அளந்து கொடுத்தார்கள் என்று. இடையில் வாங்கிய கடனைக் கழித்துவிட்டு அளந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இன்றும் சிலர் முற்பணத்தைக் கூட்டிக் கொடுத்து ஆளைக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். கடனால் நிற்கிறவர் கடன் தீர்ந்த அன்று போவார், அல்லது தீராமலே இரவோடு இரவாகக் கட்டாருக்குப் போவார். எங்கள் இடத்தில் முற்பணக் கொப்பி இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று வாங்கியவரிடம்.

விடுமுறை விடயத்தில் நமது மாவட்டத்துக்கு ஒரு வசதி இருக்கிறது, பலர் அதைத் தொல்லை என்கிறார்கள். என்னிடம் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வேலை செய்கிறார்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, நோன்பு, நத்தார் எல்லாம் வெவ்வேறு நாளில் வருகின்றன. ஒருவர் போகும்போது மற்றவர் நிற்கலாம். பெரும்போக அறுவடைக்கு எல்லாரும் ஒன்றாக வயல் வட்டைக்கு ஓடுவதுதான் சிக்கல். அதனால் தை மாதத்தில் நாட்காட்டியைச் சுவரில் மாட்டி, ஆளுக்கொரு நிறத்தில் அவர்களையே அடையாளமிடச் சொன்னேன். முதல் வருடம் இரண்டு பேர் ஒரே நாளுக்குச் சண்டை பிடித்தார்கள். நான் தலையிடவில்லை. அவர்களே சீட்டுக் குலுக்கிப் பார்த்துக்கொண்டார்கள்.

பிழை விட்டவரை எப்படிக் கண்டிப்பது என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அரங்கேற்றத்தன்று எனக்குத் தாளம் தப்பியது. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாவியார் ஏசவில்லை. மத்தளத்தில் ஓர் அடியைக் கூட்டிப் போட்டு என் காலை மறுபடி தாளத்துக்குள் எடுத்தார். அடுத்த நாள் பின்னேரம் கூப்பிட்டு ஏசினார் பாருங்கள், அதை இங்கே சொல்லமுடியாது. ஆனால் தனியாக ஏசினார். நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். போறணை எரியும்போதும் வாடிக்கையாளர் நிற்கும்போதும் வாயைத் திறப்பதில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு, தேத்தண்ணீர் குடித்த பிறகு. களவு மட்டும் வேறு விடயம். அதற்குத் தேத்தண்ணீர் கிடையாது.

புதிதாக ஒருவர் சேரும்போது நாங்களும் இப்போது சட்டம் கொடுக்கிறோம். ஒரு தாள்தான். என்ன வேலை, யாருடைய சொல்லைக் கேட்பது, சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், எப்போது கூடும், லீவு எத்தனை. எல்லாரும் நிற்கும்போது பாஸ் அதை வாசித்துக் கையில் கொடுப்பார். போன மாதம் சேர்ந்த பிள்ளை அதை வாங்கிக்கொண்டு கேட்டாள். “ஐயா, உங்களுடைய தாள் எங்கே?” என்னிடம் இல்லை. மறுநாள் பாஸும் மனைவியும் சேர்ந்து எனக்கு ஒன்று எழுதித் தந்தார்கள். மாதத்தில் இரண்டு இரவு பாஸுக்கு ஓய்வு, அந்த இரவுகளில் போறணை என் பொறுப்பு என்று அதில் போட்டிருக்கிறது.

இன்று அதில் ஓர் இரவு. ஒன்பது மணிக்கு நெருப்பு மூட்டவேண்டும். பிந்தினால் நாளைப் பின்னேரம் மூன்று மணிக்கு என்னைக் கூப்பிடுவார்கள். வருகிறேன்.