வேகாத பருப்பு

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு கிராம வாசகசாலையில், சுற்றுச்சூழல் இயக்கத்தின் வரலாறு பற்றிய ஆவணப்படத்தைத் திரையிட்ட பிறகு பேசியது. பேச்சில் தட்டுத் தடுமாறிய இடங்களை எழுதும்போது கொஞ்சம் நேராக்கியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். படம் நூறு நிமிஷம்தான். நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனதால் இரண்டேகால் மணி நேரம் ஆகிவிட்டது. இங்கிலீஷை நான் அவ்வப்போது தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பின்வரிசையில் ஒரு சேச்சி, “மாஷே, நீங்க பேசாம இருந்தா நல்லாப் புரியுது” என்றார். அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இப்போது மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

அமெரிக்காவில் எடுத்து 2012-இல் வந்த படம் இது. ஐந்து பகுதிகள். முதலாவது காடும் ஆறும்: கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் அணை கட்டவிடாமல் தடுத்த கதை. இரண்டாவது நஞ்சு. மூன்றாவது மாற்று வாழ்க்கை, திமிங்கில வேட்டையை நடுக்கடலில் மறித்தவர்கள். நான்காவது அமேசான் காடு. ஐந்தாவது பருவநிலை. கடைசிப் பகுதி வந்தபோது பாதிப் பேர் கொசுவோடு போராடிக்கொண்டிருந்தீர்கள். குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அந்தப் பகுதியில் மனம் ஒட்டவில்லை. மாநாட்டு மேடைகளும் வரைபடங்களுமாக வந்தால் யாருக்குத்தான் ஒட்டும்?

எனக்குப் பிடித்தது இரண்டாவது பகுதி. நயாகரா நீர்வீழ்ச்சி தெரியுமல்லவா, அந்தப் பெயரிலேயே பக்கத்தில் ஒரு ஊர். அங்கே லவ் கெனால் என்று ஒரு குடியிருப்பு. பாதியில் கைவிட்ட ஒரு பழைய கால்வாயில், ஹூக்கர் என்ற ரசாயனக் கம்பெனி 1942 முதல் பத்துப் பதினோரு வருஷம் கழிவைக் கொட்டியது. ஏறக்குறைய 21,000 டன். பிறகு மண்ணைப் போட்டு மூடி, 1953-இல் பள்ளிக்கூட வாரியத்துக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. நம் ஊரில் ஒருவன் ரோட்டோர நிலத்தை ஒரு ரூபாய்க்குத் தருகிறேன் என்றால், நாம் முதலில் என்ன கேட்போம்? “அதுல என்ன வில்லங்கம்?” அவர்கள் அங்கே பள்ளிக்கூடமே கட்டினார்கள்.

லோயிஸ் கிப்ஸ் என்ற பெண்ணின் மகன் அந்தப் பள்ளியில் சேர்ந்த பிறகு ஓயாமல் நோயில் விழுந்தான். 1978-இல் அவர் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். முதலில் கையெழுத்து வாங்கத்தான் போனார். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு கதை நின்றது. இந்த வீட்டில் கருச்சிதைவு, அடுத்த வீட்டில் குறையோடு பிறந்த குழந்தை, அதற்கடுத்து வலிப்பு. ஊர்ப் படத்தை விரித்து ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு வந்தார். பெவர்லி பேகன் என்ற விஞ்ஞானி உதவிக்கு வந்தார். பார்த்தால், முன்பு அங்கே ஓடி மண் மூடிப்போன நீரோடைகளின் தடத்திலேயே நோய்கள் வரிசையாக விழுந்திருந்தன. ஓடை மறைந்துவிட்டாலும் தண்ணீருக்கு வழி மறக்கவில்லை.

சுகாதாரத் துறையிடம் கொண்டுபோனபோது அந்தக் கணக்குக்கு ஒரு பெயர் வைத்தார்கள். நான் தமிழில் சொன்னபோது ஒரு வினாடி சபை அமைதியாகிவிட்டது, கவனித்தேன். “இல்லத்தரசிகளின் உதவாத தகவல்.”

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அதைவிடச் சுருக்கமாக மாதிரி எடுத்துச் சோதிக்கும் முறையை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அந்தச் சோற்றை நசுக்கிப் பார்க்கிற விரல் யாருடையது? அந்த விரலைத்தான் உதவாது என்று சொன்னார்கள்.

ஆனால் அந்த அதிகாரிகளைத் திட்டும் தகுதி எனக்கு இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் என் வீட்டம்மா சொல்லிவிடுவாள், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

எங்கள் வீட்டுக் கிணறு வற்றிப்போய் ஆழ்துளைக் கிணறு போட்டோம். போட்ட மூன்றாவது மாதம், துவரம்பருப்பு வேகமாட்டேன் என்கிறது என்றாள். குக்கரில் எட்டு விசில் வைத்தாலும் பருப்பு தனித்தனியாக, மணி மணியாக நிற்கிறது, மத்தை வைத்துக் கடைந்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நான் இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்கு ரசாயனம் சொல்லிக் கொடுத்தவன். என்ன சொன்னேன் தெரியுமா? “கடைக்காரன் பழைய பருப்பைத் தலையில கட்டிட்டான்.” அவள் கடையை மாற்றினாள். பருப்பு மாறவில்லை. துணிக்குச் சோப்பு நுரைக்கவில்லை என்றாள். சோப்பை மாற்று என்றேன். கடைசியில் அவளாகவே ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு வேகவைக்க ஆரம்பித்தாள், பருப்பு குழைந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை!

விஷயம் பத்தாம் வகுப்புப் பாடம்தான். பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கிற பசை பெக்டின். வேகும்போது அது கரைந்தால்தான் பருப்பு குழையும். தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருந்தால் அவை அந்தப் பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடும். சோப்பையும் அதேபோல் பிடித்துத் திரிதிரியாக்கிவிடும், நுரைக்க விடாது. அதாவது, அடுப்படியில் நின்றபடியே அவள் நீரின் கடினத்தன்மையை இரண்டு தனித்தனி முறையில் சோதித்து, சரியான முடிவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை அல்ல, நான்கு மாதம். எங்கள் வீட்டு நீர் கெட்டதற்கு எந்த ஆலையும் காரணமில்லை. ஆழமாகப் போனோம், பாறையின் உப்பு வந்தது, அவ்வளவுதான். ஆனால் கேட்காத காது என்னுடையது.

சரி, இனி பிளாச்சிமடைக்கு வருவோம். இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம், படத்தில் காட்டிய எந்த ஊரைவிடவும் பக்கம். பெருமாட்டிப் பஞ்சாயத்து. கொக்கோ கோலா ஆலை 2000 மார்ச்சில் ஓட ஆரம்பித்தது. சில மாதங்களிலேயே சுற்றியிருந்த ஆதிவாசிக் குடியிருப்புகளில் கிணற்று நீர் இறங்கியது, இருந்த நீரும் கெட்டது என்று மக்கள் சொன்னார்கள். காரணம் தாங்கள் இல்லை என்று நிறுவனம் மறுத்தது. மயிலம்மா என்ற எரவாளர் சமூகப் பெண் முன்னால் வந்து நின்றார். எரவாளர் பேசுவது தமிழை ஒட்டிய பேச்சு, நமக்குக் காதில் விழுந்தவுடனே புரியும். அவர்கள் முதலில் சொன்னதும் அடுக்களைச் செய்திதான்: சோறு நன்றாயில்லை, பருப்பு வேகவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது. எந்த லேபில் பார்த்தீர்கள் என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள்.

2002 ஏப்ரல் 22. ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஆதிவாசித் தலைவர் சி.கே. ஜானு வந்து தொடங்கி வைத்தார். படத்தில் பார்த்தீர்களே, 1970-இல் அமெரிக்காவில் 2 கோடிப் பேர் தெருவுக்கு வந்த முதல் பூமி தினம், அதுவும் ஏப்ரல் 22தான். இப்படிப் பந்தல் போட்டு உட்காருவதை நாம் போராட்டம் என்று எழுதுகிறோம், ஆனால் நம் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, சமரம் என்பார்கள், சமரப்பந்தல் என்பார்கள். மலையாளச் சொல் என்று தள்ள வேண்டாம், வடமொழியிலிருந்து வந்து பழைய தமிழிலும் போர் என்ற பொருளில் உட்கார்ந்திருக்கிற சொல்தான். எல்லை அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டது.

அப்புறம் என்ன நடந்தது? 2003 ஏப்ரலில் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஒரு சின்னப் பஞ்சாயத்து, வருகிற வரியைக்கூடப் பார்க்காமல். அந்த ஜூலையில் பிபிசி வானொலி, உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்த ஆலைக்கழிவை எடுத்துப்போய்ச் சோதித்தது. ஈயமும் காட்மியமும் இருப்பது தெரிந்தது. அதுவரை கேட்காத காதெல்லாம் அதற்குப் பிறகு கேட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் பந்தலில் உட்கார்ந்து சொன்னதை லண்டன் ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு இதில் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.

2003 டிசம்பர் 16 அன்று கேரள உயர் நீதிமன்றத்தின் ஒற்றை நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் காவலாள் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. வெற்றி என்று இங்கேயே நிறுத்திவிடலாம், மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நிறுத்துவார்கள். ஆனால் 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றி, தினமும் 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஆலை மட்டும் மறுபடி ஓடவில்லை. 2017-இல்தான், இனி அங்கே திறக்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மயிலம்மா அதைக் கேட்க இல்லை. 2007 ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு கதையும் உண்டு, சைலன்ட் வேலி. குந்திப்புழையின் குறுக்கே மின்சார அணை வேண்டாம் என்று ஆசிரியர்களும், சுகதகுமாரி போன்ற கவிஞர்களும், சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கமும் சேர்ந்து ஊர் ஊராகப் பேசினார்கள். 1984-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. சிங்கவால் குரங்கு பிழைத்தது. பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. அங்கே பேசத் தெரிந்தவர்கள் பேச முடியாத காட்டுக்காகப் பேசினார்கள். பிளாச்சிமடையில் பாதிக்கப்பட்டவர்களே பேசினார்கள், அதனால்தான் கேட்பதற்கு அதிக நாள் ஆனது என்று எனக்குத் தோன்றுகிறது.

இமயமலையில் ரேணி கிராமமும் அப்படித்தான். 1974 மார்ச் 26. நிலத்துக்கு நஷ்டஈடு தருகிறோம் என்று சொல்லி ஆண்களையெல்லாம் சமோலிக்கு வரவழைத்துவிட்டார்கள். ஊரில் ஆண்கள் இல்லாத அன்று பார்த்து மரம் வெட்ட ஆட்கள் போனார்கள். கௌரா தேவி இருபதுக்கு மேற்பட்ட பெண்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் ஏறினார். இந்தக் காடு எங்கள் தாய்வீடு என்றார். தாய்வீடு என்றால் அது என்னவென்று இங்கே இருக்கிற பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புகுந்த வீட்டில் பட்டினி என்றால் போய் உட்காரக்கூடிய ஒரே திண்ணை அதுதானே.

நஷ்டஈடு என்ற சொல் வந்துவிட்டது. அதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு பிளாச்சிமடையின் இழப்பைக் கணக்கிட்டு 2010-இல் அறிக்கை கொடுத்தது. 216.26 கோடி ரூபாய். விவசாயம், உடல்நலம், கெட்டுப்போன நீர், இதற்கெல்லாம் தனித்தனித் தொகை. அதில் என்னை நிறுத்திய தலைப்பு ஒன்று உண்டு, கூலி நஷ்டம். தூரத்துக் கிணற்றுக்குக் குடத்தோடு நடக்கிற பெண் அன்றைக்குக் களையெடுக்கப் போக முடியாது. அவள் நடந்த நடைக்கு அரசாங்கத் தாளில் விலை போட்டிருக்கிறார்கள். உதவாத தகவல் என்று சொன்னவர்கள் காலத்திலிருந்து அந்தத் தாள் வரை வருவதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. 2011-இல் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு மசோதா நிறைவேற்றியது. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்காமல் அது திரும்பி வந்தது. தாளில் ஏறிய கூலி கைக்கு வரவில்லை.

அமேசானைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு ஒரு வார்த்தை. படத்தின் நான்காவது பகுதியில் வந்த சிக்கோ மெண்டிஸ் ரப்பர் பால் எடுப்பவர், தொழிற்சங்கக்காரர். அங்கே ரப்பர் நம் பக்கம் மாதிரி வரிசை கட்டி நட்டதில்லை, காட்டுக்குள் தானாக நிற்கிற மரம். காடு போனால் வேலை போகும். 1988-இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மற்றதை இன்னொரு நாள் பேசுவோம்.

இப்போது ஒரு காரியம். தமிழ்நாட்டோடு போட்ட பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டு வழியாக வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் நம் சித்தூர்ப்புழைக்கு வர வேண்டும். எவ்வளவு வந்தது என்பதை இரண்டு மாநில அதிகாரிகளும் குறித்து வைக்கிறார்கள். நல்லது. நம் வீட்டுக் குடத்தில் வருகிற தண்ணீரை யார் குறிக்கிறார்கள்?

நாளையிலிருந்து இந்த வாசகசாலை மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கும். தேதி, எந்தக் கிணறு அல்லது குழாய், பருப்பு எத்தனை விசிலில் வெந்தது, சோப்பு நுரைத்ததா, நிறம், வாசனை. தமிழில் எழுதலாம், மலையாளத்தில் எழுதலாம். எழுத வராதவர்கள் சொன்னால் நூலகர் எழுதிக்கொள்வார். முதல் பக்கத்தை இன்று காலையே என் வீட்டம்மா நிரப்பிவிட்டாள், அவள் எழுதியதில் நான் ஒரு எழுத்துக்கூடத் திருத்தவில்லை. போன தடவை வருகைப் பதிவேட்டில் வைத்த மூன்று பேனாவும் காணாமல் போனது, அதனால் இந்தத் தடவை சணல் கயிற்றில் கட்டி மேசைக் காலோடு முடிச்சுப் போட்டிருக்கிறேன். குழாயில் தண்ணீர் விடுகிற நேரமாகிவிட்டது, குடம் வைத்துவிட்டு வந்தவர்கள் கிளம்புங்கள். மற்றவர்கள் கொஞ்சம் நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டுப் போனால் நல்லது.