கட்டிலருகே ஒரு பால் கணக்கு நோட்டு

வணக்கம். இருபத்தாறு ஆண்டுகள் ஐசியூவில் நர்ஸாக இருந்தவள் நான். உங்களில் பலர் அந்தக் கதவுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்து நின்றிருப்பீர்கள். உள்ளே படுத்திருப்பவரின் பயத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

அங்கே இரவு பகல் தெரியாது. மானிட்டர் விடாமல் கத்தும். வென்டிலேட்டர் குழாய் தொண்டைக்குள் இருப்பதால் வாய்விட்டுப் பேச முடியாது. கிருமித்தொற்று, மயக்க மருந்து, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து மூளையைக் குழப்பிவிடும். இதற்கு டெலிரியம் என்று பெயர். பைத்தியம் அல்ல. மறுபடியும் சொல்கிறேன், பைத்தியம் அல்ல.

நிமோனியாவோடு வந்த ஒரு பெரியவர் ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தார். பிழைத்து வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகியும் கட்டிலில் படுக்க மறுத்து, சுவரில் சாய்ந்தே விடிய வைத்தாராம். "என்னைக் கட்டிப்போட்டுப் படகுல ஏத்துனாங்களே, நீ பாத்துக்கிட்டுதானே நின்ன?" என்று மனைவியைக் கேட்டிருக்கிறார். அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்.

நல்லவேளை, நான் சொன்னேன் என்று அந்த அம்மா ஐசியூவில் நடந்ததைத் தினமும் எழுதி வைத்திருந்தார். பழைய பால் கணக்கு நோட்டுதான். நாலாம் நாள் பக்கத்தில் இப்படி இருந்தது: "குழாயைப் பிடுங்கப் பார்த்ததால் கையைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். நான் காலைத் தடவிக்கொண்டு நின்றேன்."

கட்டியது புரிந்துவிட்டது. படகு? மறுபரிசோதனைக்கு வந்தபோது பெரியவரைக் காலியாக இருந்த ஒரு கட்டிலுக்குக் கூட்டிப்போனேன். படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தை அது. பம்பு உர்ரென்று ஓட, ஒரு வரிசை உப்பும், அடுத்த வரிசை வற்றும். கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளங்கை மெல்ல எழுந்தது, தாழ்ந்தது. வெகுநேரம் கையை எடுக்கவில்லை. "இதுவா சிஸ்டர் படகு?" என்றார். அப்புறம் மனைவியிடம் நோட்டை வாங்கி, நாலாம் நாளை இன்னொரு முறை படித்தார்.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் 1980களிலேயே நர்ஸ்கள் நோயாளிக்காக இப்படி நாட்குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நமக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். யார் வந்தார்கள், டாக்டர் என்ன சொன்னார், வெளியே மழையா, எழுதுங்கள். அவர் கேட்கும்போது கொடுங்கள். படித்துத்தான் ஆகவேண்டும் என்று திணிக்காதீர்கள்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வீடு திரும்பிய பிறகு வரும் பயத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளே இருக்கும்போதே அவருடைய மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் கேட்டுக் கொடுங்கள். என்ன கிழமை, எந்த ஊர் என்று சொல்லிக்கொண்டே இருங்கள். வீட்டில் குக்கர் விசிலுக்கே நெஞ்சு படபடத்தால், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நிதானமாக, நீளமாகச் செய்யச் சொல்லுங்கள். கெட்ட கனவு ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள். வெளியே காத்திருந்த உங்களுக்கும் இதெல்லாம் வரலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் 14416, தமிழிலேயே பேசலாம். எழுதிக்கொள்ளுங்கள், 14416.