தேநீர் மேசையில் இரண்டு விரல்கள்

அவையோருக்கு வணக்கம்.

சீனர்களும் மேலைநாட்டவரும் ஒருவர் உடம்பை ஒருவர் எங்கே தப்பாகப் படிக்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. இதைத் தொடங்கி வைக்க நம்ம ஊர் வழியாகப் போன ஒரு மனிதர் இருக்கிறார். 1781 முதல் 1785 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த மெக்கார்ட்னி பிரபு. பிற்பாடு அவரைத்தான் பிரிட்டன் சீனாவுக்குத் தூதராக அனுப்பியது. 1793 செப்டம்பரில், பெய்ஜிங்குக்கு வடகிழக்கே செங்தே கோடை அரண்மனையில், சியென்லுங் பேரரசரை அவர் பார்க்க வேண்டும். முறைப்படி மூன்று தடவை மண்டியிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் மூன்று முறை நெற்றி தரையில் பட வேண்டும். ஆக ஒன்பது. இதற்கு கௌதௌ என்று பெயர். இந்தச் சொல்லை ஆங்கிலம் எடுத்துக்கொண்டு என்ன செய்தது தெரியுமா? 'கூழைக்கும்பிடு' என்ற பொருளில் இன்றுவரை வசவாகப் புழங்குகிறது.

மெக்கார்ட்னி மாட்டேன் என்றார். நெடுநாள் இழுபறிக்குப் பிறகு, தம் அரசருக்குச் செய்வதைப் போல ஒற்றை முழங்காலை மட்டும் மடக்கினார். 1816இல் அதேபோல் பிரிட்டிஷ் தூதராகப் போய், கௌதௌ செய்ய மறுத்த ஆம்ஹர்ஸ்ட் பிரபு பேரரசர் முகத்தைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதாயிற்று. பின்னாளில் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்தவர் இவரேதான். 1873இல்தான் மேலைநாட்டுத் தூதர்கள் கௌதௌ இல்லாமல் சீனப் பேரரசர் முன் நிற்க முடிந்தது.

வெறும் கௌரவச் சண்டை என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. மேலைநாட்டவருக்கு உடம்பின் அசைவு ஒரு மனிதனின் மனசைச் சொல்கிறது. தலை தரையில் பட்டால் அடங்கிவிட்டேன் என்று பொருள். சீன மரபில் அந்த அசைவு முதலில் சொல்வது, இந்த இடத்தில் யார் பெரியவர், யார் இளையவர், யார் விருந்தாளி என்பதை. இதற்கு அவர்கள் சொல்லும் சொல் 'லி'. சடங்கு, மரியாதை, ஒழுங்கு எல்லாம் அதில் அடக்கம். தமிழருக்கு இது சுலபமாகப் புரியும். 'மாமன் முறை' என்கிறோம், 'முறை செய்தார்கள்' என்கிறோம், 'இது முறையா?' என்று கேட்கிறோம். உறவும் ஒழுங்கும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. லி என்பதும் ஏறக்குறைய அப்படித்தான். இதைக் கையில் வைத்துக்கொண்டால் மற்றவை தானாக அவிழும்.

அரசவையிலிருந்து போன கௌதௌ இன்று எங்கே இருக்கிறது? குவாங்டோங் மாநிலத்திலும் ஹாங்காங்கிலும் தேநீர்க் கடைக்குப் போனால் பார்க்கலாம். பக்கத்தில் இருப்பவர் உங்கள் கிண்ணத்தில் தேநீர் ஊற்றுகிறார். நீங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து மடக்கி, கிண்ணத்துக்கு அருகே மேசையில் இரண்டு மூன்று முறை மெல்லத் தட்ட வேண்டும். அதுதான் நன்றி. சியென்லுங் பேரரசரே மாறுவேடத்தில் ஊர் சுற்றியபோது கூட வந்த ஊழியருக்குத் தேநீர் ஊற்றினாராம். எழுந்து வணங்கினால் வேஷம் கலைந்துவிடும் என்று அந்த ஆள் விரல்களை முழங்கால்போல மடக்கித் தட்டினாராம். கதைதான், வரலாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மடங்கிய விரல் மண்டியிட்ட காலாகவே இன்றும் கொள்ளப்படுகிறது.

இதிலும் முறை உண்டு. ஊற்றுகிறவர் உங்களுக்குச் சமமானவர் என்றால் இரண்டு விரல். பெரியவர் ஊற்றினால், ஐந்து விரலையும் மடக்கி முட்டியைக் கவிழ்த்துத் தட்டுவார்கள். இளையவர் ஊற்றினால் ஒரு விரலே போதும். தேநீர்ப் பானை காலியானால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. மூடியைச் சாய்த்து வைத்தால் கடைப்பையன் வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவான். புதிதாக வரும் ஐரோப்பியர் இரண்டு விதமாகத் தடுமாறுவார். எதிரே இருப்பவர் மேசையைத் தட்டுவதைப் பார்த்து, நம் பேச்சு சலிப்புத் தட்டுகிறதோ என்று நிறுத்திவிடுவார். அல்லது ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் பேச்சை முறித்து வாயால் நன்றி சொல்வார். கிண்ணம் சின்னது, ஒரு காலை வேளையில் எத்தனையோ தடவை நிரம்பும். பேச்சு அறுபடாமல் நன்றி சொல்லத்தான் அந்த விரல்.

கைகுலுக்கலுக்கு வருவோம். சீனாவின் பழைய வணக்கத்தில் அடுத்தவரைத் தொடுவதே கிடையாது. தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு மார்புக்கு நேரே லேசாக அசைப்பார்கள். ஆண்கள் வலக்கையை உள்ளே வைத்து இடக்கையால் மூட வேண்டும், பெண்களுக்கு மாற்றி. துக்க வீட்டில் இந்த வரிசை தலைகீழாகும். புத்தாண்டு வாழ்த்துப் படங்களில் கையை மாற்றி வைத்துவிட்டால், பெரியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த மரபிலிருந்து வந்த கைகுலுக்கல் மெல்லிய பிடியாக, சற்று நீண்டு இருப்பதில் வியப்பில்லை. இறுகப் பிடித்து இரண்டு குலுக்கில் விடுவதுதான் நேர்மை என்று வளர்ந்த அமெரிக்கருக்கு அது பிடிப்பற்ற ஆளாகத் தோன்றுகிறது. அமெரிக்கரின் பிடி சீனருக்கு முரட்டுத்தனம். ஆனாலும் நீட்டிய கைக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை இரு தரப்பும் நன்றாக அறிந்த ஒரு நாள் உண்டு. 1972 பிப்ரவரி 21, பெய்ஜிங் விமான நிலையம். 1954 ஜெனீவா மாநாட்டில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ், சீனப் பிரதமர் சூ என்லாயின் கையைத் தொட மறுத்தார் என்ற பேச்சு அப்போதும் ஆறவில்லை. அதனால் அமெரிக்க அதிபர் நிக்சன், வரவேற்க நின்ற சூ என்லாயை நோக்கி, விமானப் படியிலிருந்து இறங்கும்போதே கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

கண்ணைப் பார்க்கும் விஷயத்தில்தான் அதிகக் குழப்பம். கண்ணைப் பார்த்துப் பேசாதவன் எதையோ மறைக்கிறான் என்பது மேலைநாட்டுப் பாடம். ஆசிரியர் கண்டிக்கும்போது நிமிர்ந்து பார்க்கிறவன் திமிர் பிடித்தவன் என்பது சீனப் பாடம். 2008இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்வையின் போக்கைக் கருவியால் அளந்து ஒன்றைக் காட்டினார்கள். மேலைநாட்டவரின் பார்வை முகத்தில் இரு கண்ணுக்கும் வாய்க்குமாக முக்கோணம் போடுகிறது. கிழக்காசியரின் பார்வை முகத்தின் நடுவில், மூக்கை ஒட்டி நிற்கிறது. நேரே பார்க்காமலே முழு முகமும் தெரிந்துவிடும். ஆனால் உணர்ச்சியைக் கண்டுபிடிக்கச் சொன்ன அடுத்த ஆண்டு ஆய்வில், கிழக்காசியர்கள் கண்களையே அதிகம் நம்பினார்கள். அச்சத்தையும் வியப்பையும் குழப்பிக்கொண்டார்கள். வாயைக் கவனித்திருந்தால் வேறுபாடு தெரிந்திருக்கும்.

சிரிப்பு இன்னும் வம்பு. ஒருவர் தட்டைக் கை தவறிப் போட்டுவிட்டுச் சிரித்தால், அது கூச்சத்தை மூடும் சிரிப்பு. தட்டுக்குரிய வெள்ளைக்காரர் கேலி என்று நினைத்துக் கொதிப்பார். கொதித்தால் எதிராளி இன்னும் அதிகமாகச் சிரிப்பார். சரி, எமோஜி உலகப் பொதுமொழியாயிற்றே என்கிறீர்களா? சீனர்களின் செய்திச் செயலியான வீசாட்டில் சாதாரணப் புன்னகை முகத்தை ஒரு சீன இளைஞருக்கு அனுப்பிப் பாருங்கள். 'போதும், உன்னோடு பேச்சில்லை' என்ற எரிச்சலாகவே பலரும் அதைப் படிப்பார்கள். அவருடைய அம்மா அதே படத்தை நல்லெண்ணத்தோடு அனுப்புவார். எனவே 'சீனர்கள் இப்படி' என்று யாராவது பட்டியல் நீட்டினால், எந்த வயதினர், எந்த ஊர் என்று கேளுங்கள்.

தலையசைப்பும் 'ம்... ம்...' என்ற ஒலியும் காதில் விழுகிறது என்பதற்கான அடையாளம்; ஒப்பந்தத்துக்குச் சம்மதம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். விசிட்டிங் கார்டை இரு கையாலும் வாங்கி, ஒருமுறை படித்துவிட்டு வைக்க வேண்டும். இப்போது அதன் இடத்தை வீசாட் க்யூஆர் கோடு பெரும்பாலும் பிடித்துவிட்டது என்பதால் இதில் அதிகம் நிற்கவில்லை. கூப்பிடும்போது உள்ளங்கை கீழே பார்க்க, விரல்கள் உள்நோக்கி அசையும். நம் வழக்கமும் அதுதானே. அமெரிக்கருக்கு அது 'போய் வா'.

பணம் கைமாறும் இடத்தில் பிழை வந்தால் நஷ்டமே. சீனர்கள் ஒன்றிலிருந்து பத்துவரை ஒரே கையில் காட்டுவார்கள். ஐந்துவரை சிக்கலில்லை. ஆறுக்குக் கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரியும். ஏழுக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றின் நுனியும் குவியும். எட்டுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டியும் துப்பாக்கிபோல நீளும். ஒன்பதுக்கு ஆள்காட்டி கொக்கியாக வளையும். பத்துக்கு மூடிய முட்டி, அல்லது இரு கை ஆள்காட்டி விரல்களையும் குறுக்கே வைத்துப் பத்து என்ற சீன எழுத்தின் வடிவம். இப்போது ஒரு ஜெர்மானியரை எதிரே நிறுத்துங்கள். அவர் ஊரில் எண்ணிக்கை கட்டைவிரலில் தொடங்கும். ஆகவே கட்டைவிரலும் ஆள்காட்டியும் சேர்ந்தால் இரண்டு. கடைக்காரர் எட்டு என்கிறார், இவர் இரண்டு என்று மகிழ்ந்துபோகிறார். அதே சைகை தைவானில் ஏழு. அங்கே எட்டுக்கு நடுவிரலும் சேரும். சீன மொழி பேசுகிறவர்களுக்குள்ளேயே இந்தத் தகராறு இருக்கிறது. அதனால்தான் மொத்தச் சந்தைகளில் வெளிநாட்டவர் வந்து நின்றதும், கடைக்காரர் விரலை மடக்கிவிட்டுக் கால்குலேட்டரை நீட்டுகிறார்.

நன்றி, வணக்கம்.