பாலாற்று வழக்கை ஜெயிக்க வைத்தது எது?

நடுவர் அவர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

புவி வெப்பத்தைத் தணிக்க உள்ளூர் மக்களின் முயற்சியே போதும் என்று பேசிய எதிரணித் தங்கை, "ரியோவில் மாநாடு போட்டவர்களா பாலாற்றைப் பார்க்க வந்தார்கள்?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். உலக ஒப்பந்தமே கைகொடுக்கும் என்பது எங்கள் கட்சி.

அவர்கள் வரவில்லை தங்கச்சி. அவர்கள் எழுதியது வந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பே சொல்கிறது. பாலாற்றில் கலந்த அந்தக் கழிவை எதிர்த்து வழக்குப் போட்டது நம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம். 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு எதை எடுத்துக் காட்டியது? சுற்றுச்சூழலைக் காக்க உலக நாடுகள் கூடிப் பேசி எழுதிய 1972 ஸ்டாக்ஹோம் பிரகடனத்தை, 1992 ரியோ மாநாட்டை. மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும், ஆபத்து தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திருக்கக் கூடாது என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்ததும் அந்தத் தீர்ப்புதான்.

சரி, வெப்பத்துக்கு வருவோம். காட்பாடியில் எல்லா மொட்டை மாடியிலும் சோலார் போடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் ஆந்திர எல்லையில் கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்தலாம், கரியமில வாயுவை நிறுத்த முடியுமா?

வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜின் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். உள்ளே குளிரூட்டும் வாயுவின் பெயர், புதிய ஃபிரிட்ஜ் என்றால் பெரும்பாலும் ஆர்-600ஏ என்றிருக்கும். அந்தக் காலத்தில் ஆர்-12. ஓசோனையும் அரித்து, பூமியையும் சூடாக்கிய வாயு அது. அதை ஒழித்தது 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம். சேராத நாட்டோடு அந்த வாயுவில் வியாபாரம் கிடையாது என்றார்கள். ஏழை நாடுகள் மாறுவதற்குத் தனி நிதியும் வைத்தார்கள். உலக நாடுகள் அத்தனையும் சேர்ந்தன. ஓசோன் படலம் மெல்லத் தேறி வருகிறது.

புவி வெப்பத்தைத் தணிக்க உலக நாடுகள் போட்ட பாரிஸ் ஒப்பந்தத்தில் தண்டனை இல்லையே என்று அடுத்து வரும் அண்ணன் கேட்பார். உண்மைதான். கரியமில வாயுவை எவ்வளவு குறைப்பது என்று அந்தந்த நாடே முடிவு செய்கிறது. வெப்பத்தைச் சமாளிக்க ஏழை நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று வாக்குக் கொடுத்த பணக்கார நாடுகள், 2022-இல்தான் அந்தத் தொகையைத் தொட்டன. எனக்கும் வயிறு எரிகிறது, அண்ணே. ஆனால் அந்தப் பாக்கியை நம் ஊராட்சிக் கூட்டத்திலா வசூலிப்பீர்கள்? கொடுக்க வேண்டியவன் உட்கார்ந்திருக்கும் மேசையில்தான் கேட்க வேண்டும். தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள், நடுவர் அவர்களே.