அயர்லாந்தின் வாக்குச்சீட்டும் அதைக் கைவிட மறுத்த மக்களும்

பெரியோர்களே, நண்பர்களே,

1959 ஜூன் 17 அன்று வாக்குச்சாவடிக்குச் சென்ற அயர்லாந்து மக்களின் கையில் இரண்டு வாக்குச்சீட்டுகள் தரப்பட்டன. ஒன்று குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு. மற்றொன்று, நாட்டின் தேர்தல் முறையை மாற்றலாமா என்று கேட்ட பொது வாக்கெடுப்புக்கு. முதல் சீட்டில் வேட்பாளராக இருந்தவர், அப்போது பிரதமராக இருந்த, நம் விடுதலைப் போராட்டத் தலைமுறை நன்கறிந்த டி வலேரா. இரண்டாம் சீட்டில் இருந்த திருத்தத்தைக் கொண்டுவந்ததும் அவருடைய அரசுதான். மக்கள் அவரைக் குடியரசுத் தலைவராக்கினார்கள். அவர் கேட்ட மாற்றத்தையோ, அன்றைக்கே, 51.8 விழுக்காட்டினர் மறுத்துவிட்டார்கள். அவருடைய ஃபியன்னா ஃபால் கட்சி 1968இல் மறுபடியும் அதே கேள்வியை மக்கள்முன் வைத்தது. இம்முறை மறுத்தவர்கள் 60.8 விழுக்காடு. தலைவரை மதிப்பது வேறு, அவர் நீட்டிய இடத்தில் கையெழுத்திடுவது வேறு என்று தெரிந்து வாக்களித்த அந்த மக்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

அவர்கள் விட்டுக்கொடுக்க மறுத்தது ஒற்றை மாற்று வாக்கு முறை. நம் மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் முறையும் இதுவே. ஆனால் நம் நாட்டில் பொது வாக்காளர் எவரும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. அயர்லாந்தில் அது ஊர்மக்களின் கையில் இருக்கிறது. வாக்குச்சீட்டில் வேட்பாளர்களின் பெயரும் படமும் அகரவரிசையில் இருக்கும். வாக்காளர் முத்திரை குத்துவதில்லை. தனக்கு மிகவும் பிடித்தவருக்கு நேரே 1 என்றும், அடுத்தவருக்கு 2 என்றும், மனம் இசையும்வரை எண்களை எழுதிக்கொண்டே போகிறார். ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள். நான்கு இடங்களும் 50,000 செல்லுபடியான வாக்குகளும் உள்ள தொகுதி என்று வைத்துக்கொள்வோம். இடங்களோடு ஒன்றைக் கூட்டி, வரும் ஐந்தால் வாக்குகளை வகுத்து, ஈவோடு மேலும் ஒன்றைக் கூட்டினால் 10,001. அந்த எண்ணிக்கையைத் தொட்டவர் வென்றவர். அவருக்கு மிஞ்சிய வாக்குகள் அடுத்த விருப்பத்தின்படி மற்றவர்களுக்குப் போகும். எவரும் தொடாத சுற்றில் கடைசியில் நிற்பவர் விலக்கப்பட, அவருடைய சீட்டுகளும் அவ்வாறே பிரிக்கப்படும். தோற்றுப்போகிறவருக்கு வாக்களித்தால் வாக்கு வீண் என்ற அச்சத்தை இந்த ஏற்பாடு பெரிதும் குறைத்துவிடுகிறது.

இது சிறுபான்மையினரை மனத்தில் வைத்துத் தொடங்கியது. 1919 ஜனவரியில் ஸ்லைகோ நகராட்சித் தேர்தலில் முதலில் பயன்படுத்தினார்கள்; அடுத்த ஆண்டே உள்ளாட்சி முழுவதற்கும் விரிந்தது. தெற்கே விடுதலை பெற்ற அரசு, அங்கே சிறுபான்மையினராகிவிட்ட புராட்டஸ்டன்ட் மக்களுக்கு ஓர் உறுதியாக இதைத் தன் 1922 அரசமைப்பில் ஏற்றது. 1937 அரசமைப்பு முறையின் பெயரையே குறிப்பிட்டு எழுதிவைத்தது. பிரிட்டனோடு தங்கிவிட்ட, புராட்டஸ்டன்ட் மக்கள் பெரும்பான்மையாக இருந்த வடக்கே நடந்ததோ வேறு. பெல்பாஸ்ட் அரசு 1922இல் உள்ளாட்சித் தேர்தலிலிருந்தும், 1929இல் தன் நாடாளுமன்றத் தேர்தலிலிருந்தும் இந்த முறையை நீக்கியது. டெரி நகரத்தைப் பாருங்கள். 1920இல் இந்த முறைப்படி நடந்த தேர்தலுக்குப் பின் அங்கே ஒரு கத்தோலிக்கர் மேயரானார். முறை நீக்கப்பட்டு வார்டு எல்லைகளும் திருத்தப்பட்ட பிறகு, மக்கள்தொகையில் பெரும்பான்மையாக இருந்தும், கத்தோலிக்கர்கள் பல பத்தாண்டுகள் தங்கள் மாநகராட்சியின் அதிகாரத்துக்கு வெளியே நின்றார்கள். வீட்டு ஒதுக்கீட்டிலும் வேலைவாய்ப்பிலும் அந்த இழப்பு எதிரொலித்தது. 1968 அக்டோபர் 5 அன்று குடிமை உரிமைகள் கேட்டு டெரித் தெருவில் நடந்த பேரணி காவலர்களின் தடியடியில் முடிந்தது. தெற்கில் இரண்டாவது வாக்கெடுப்பு நடந்தது அதற்குப் பதினொரு நாள் கழித்து. ஒரே தீவில் ஒரே முறையை வைத்துக்கொண்டவர்களும் தொலைத்தவர்களும் அந்த ஒரே மாதத்தில் எங்கே நின்றார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. வடக்கின் உள்ளாட்சிக்கு 1973இல் இந்த முறை திரும்பியது. 1998 அமைதி உடன்படிக்கை வழிவந்த வடக்கின் சட்டமன்றமும் இப்படித்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

வாக்குக் கேட்கும் பேச்சையும் இந்த முறை மாற்றிவிடுகிறது. மாற்றுக் கட்சிக்காரரின் வீட்டு வாசலில் நிற்கும் வேட்பாளர், "உங்கள் முதல் வாக்கு அவருக்கு என்று தெரியும், இரண்டாவதை எனக்குத் தரலாமே" என்று கேட்க முடிகிறது. அப்படிக் கேட்க வேண்டியவர் அந்த வீட்டுக்காரரின் தலைவரை இழிவாகப் பேசிவிட்டு வர முடியாது. விடுதலையை ஒட்டி 1922-23இல் நடந்த உள்நாட்டுப் போரில் எதிரெதிரே நின்றவர்களின் வழிவந்த ஃபியன்னா ஃபால், ஃபினா கேல் என்ற இரு கட்சிகளும் 2020இல் முதன்முறையாக ஒரே கூட்டணி அரசில் அமர்ந்தன. அதற்குக் காரணம் பல. எனினும் அவற்றின் வாக்காளர்களில் பலர் மற்றக் கட்சிக்கும் எண் எழுதத் தொடங்கியிருந்தது அந்த வழியை எளிதாக்கியது என்றே கருதுகிறேன். அதே தேர்தலில் 24.5 விழுக்காடு முதல் விருப்ப வாக்குகளோடு முந்திய ஷின் ஃபேன் கட்சி, போதிய வேட்பாளர்களை நிறுத்தாததால் மிஞ்சிய வாக்குகளைச் சிறிய இடதுசாரிக் கட்சிகளுக்கு வாரிவழங்க நேர்ந்தது.

குறைகளை மறைக்க நான் விரும்பவில்லை. ஒரே கட்சியின் இருவர் ஒரே தொகுதியில் போட்டியிடுவதால், கொள்கையைவிடத் தெருவிளக்கும் சாவு வீட்டு வருகையும் முன்னுக்கு வருகின்றன. அகரவரிசையில் மேலே உள்ள பெயருக்குச் சிறு ஆதாயமும் உண்டு. 2024 நவம்பர் தேர்தலில் வாக்களித்தோர் 60 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே நல்ல முறை இருந்தால் மக்கள் தாமாக வந்துவிடுவார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன்.

இனி வாக்கு எண்ணும் மையத்துக்கு வருகிறேன். பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டுகளைப் பிரிக்கும் மேசைக்கு இப்பால், தடுப்புக் கம்பியில் சாய்ந்தபடி கட்சி ஏஜென்ட்டுகள் நிற்பார்கள். விரிக்கப்படும் ஒவ்வொரு சீட்டிலும் 1 எங்கே இருக்கிறது என்று எட்டிப்பார்த்துத் தம் தாளில் கோடு போட்டுக்கொள்வார்கள். பகையான கட்சிகளின் ஆட்களும் இந்தக் கணக்கைப் பகிர்ந்துகொள்வது அங்கே வழக்கம். சுற்றுமேல் சுற்றாக எண்ணிக்கை நாள்கணக்கில் நீளலாம். தோற்கப்போகிறவருக்கு அது முன்பே தெரிந்துவிடும், மனத்தைத் தேற்றிக்கொள்ள நேரமும் கிடைக்கும்.

2002 தேர்தலில் மூன்று தொகுதிகளில் மட்டும் இதை எந்திரத்துக்கு மாற்றினார்கள். டப்ளின் வடக்குத் தொகுதியில் முன்னாள் நீதித்துறை அமைச்சர் நோரா ஓவன் தம் தோல்வியை, மேடையருகே எல்லாரோடும் நின்று, கேமராக்களின் முன்னால், ஒரே அறிவிப்பில் கேட்டார். அதிர்ந்த அந்த முகத்தை நாடு பார்த்தது. பின்னர் எந்திரங்களின் நம்பகத்தன்மை பற்றி வல்லுநர்கள் கேள்வி எழுப்ப, 5 கோடி யூரோவுக்கு மேல் செலவிட்ட திட்டம் 2009இல் கைவிடப்பட்டது. கிடங்கில் கிடந்த எந்திரங்கள் 2012இல் ஏறக்குறைய 70,000 யூரோவுக்குப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. அயர்லாந்து வாக்காளர் இன்றும் பென்சிலை எடுத்து 1, 2, 3 என்றுதான் எழுதுகிறார்.