பட்டியலில் இல்லாத பாட்டி

நண்பர்களே, வணக்கம். விடுப்பு விதிகளை எழுதுகிறவர்களும் விடுப்புக்குக் கையெழுத்துப் போடுகிறவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் அலுவலகத்தின் விடுப்புச் செயலியைத் திறந்து பாருங்கள். காரணம் 'இறப்பு' என்று போட்டதும் உறவுமுறை கேட்கும். பல இடங்களில் அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி, பிள்ளை, இவ்வளவுதான் அதில் இருக்கும். பாட்டி கையில் வளர்ந்த ஒருவர் எதை அழுத்துவார்? 'மற்றவை'யைத்தான். உடனே அது தற்செயல் விடுப்பில் கழிந்துவிடும். கொள்ளி வைக்க வேண்டியவரே அவராக இருக்கலாம். செயலிக்கு அது தெரியாது.

நியூசிலாந்தில் 2003ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்திருக்கிறது. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை, வாழ்க்கைத் துணை, துணையின் பெற்றோர் ஆகியோருக்குச் சம்பளத்தோடு 3 நாள். பட்டியலுக்கு வெளியே உள்ளவர் என்றால், முதலாளி ஒப்புக்கொண்டால் 1 நாள். 'முதலாளி மனது வைத்தால்' என்று அதோடு விட்டுவிடவில்லை. இறந்தவரோடு எவ்வளவு நெருக்கம், இறுதிச் சடங்குப் பொறுப்பு இவர் தலையில் விழுகிறதா, பண்பாட்டுக் கடமை ஏதும் உண்டா என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறது. 2021இல் கருச்சிதைவையும் சேர்த்தார்கள்.

அமெரிக்காவிலோ, துக்க விடுப்புக்குச் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும் என்று தனியார் துறைக்குக் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. மாநிலங்கள்தான் ஒவ்வொன்றாகச் செய்துவருகின்றன. கலிபோர்னியா 2023 முதல் 5 நாள் தருகிறது. சம்பளம் கட்டாயமில்லை, அது குறைதான். ஆனால் அந்த 5 நாளையும் தொடர்ச்சியாக எடுக்க வேண்டியதில்லை, 3 மாதத்துக்குள் எடுத்தால் போதும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அடக்கம் ஒரு நாளில் முடிந்துவிடும். அப்புறம்தானே வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் என்று அலைச்சல் ஆரம்பிக்கிறது! அந்த அலுவலகங்களும் பெரும்பாலும் நம் வேலை நாளில்தான் திறந்திருக்கும்.

அடுத்து, சான்று. இறப்புச் சான்றிதழ் கையில் வரச் சில நாள் ஆகும். அதைக் காட்டினால்தான் விடுப்பு என்றால் விடுப்பு முடிந்த பிறகுதான் அனுமதி கிடைக்கும். கலிபோர்னியாவில் முதலாளி ஆவணம் கேட்கலாம்; ஆனால் விடுப்பு தொடங்கிய நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு. வெளியான இரங்கல் அறிவிப்பே போதும். இது நியாயமாகத்தான் படுகிறது.

"ஒரே பாட்டியை நாலு தடவை சாகடிக்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கிறது. உண்மைதான், அப்படியும் ஆட்கள் உண்டு. ஆனால் அவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது துக்க விடுப்பே அல்ல. சும்மா ஒரு நாள் லீவு கேட்டிருப்பார்கள், கிடைத்திருக்காது. அந்தக் கதவைத் திறந்துவிட்டால் பாட்டிகள் பிழைத்துக்கொள்வார்கள்.

சரி, கேள்விகளுக்குப் போகலாமா?